சுற்றினால்தான் காற்றாலை

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, நாகர்கோவில் பாதையில் ஆரல்வாய்மொழி வந்ததும் குழந்தைகள் ஜன்னலுக்கு ஓடுவார்கள். வரிசை வரிசையாகக் காற்றாலைகள்! அவை மின்சாரம் எடுப்பவை. நான் சொல்ல வந்தது, மாவு அரைத்த பழங்காலக் காற்றாலை ஒன்றைப் பற்றி.

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் பிட்ஸ்டோன் என்றொரு கிராமம். அங்கே வயல்வெளியில் நிற்கும் மர ஆலையின் சட்டத்தில் 1627 என்று செதுக்கியிருக்கிறது. இறக்கை, பல்சக்கரம், அரவைக் கல் எல்லாவற்றையும் சுமக்கும் முழு மரக்கூடும் ஒற்றை நடுத்தூணின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காற்று திசை மாறினால், பின்புறம் நீண்டிருக்கும் கட்டையைத் தள்ளி ஆலையையே திருப்ப வேண்டும். டர்ன்டேபிளில் என்ஜினைத் திருப்பிப் பழகிய என் போன்ற ரயில்வேக்காரர்களுக்கு இதன் அருமை புரியும்.

1902-இல் வீசிய பெருங்காற்றில் ஆலை பலத்த சேதமடைந்தது. பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள். 1937-இல் அதன் சொந்தக்காரரான விவசாயி, பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட்டுக்கு அதைத் தானமாகக் கொடுத்தார். இனிக் கவலையில்லை என்றுதானே நினைப்போம்? சீரமைப்பு தொடங்க மேலும் 26 ஆண்டுகள் ஆயின. 1963-இல் தொண்டர்கள் சிலர் கூடித் தங்கள் கைக்காசைப் போட்டு வேலையில் இறங்கினார்கள். 1970-இல், 68 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆலை மறுபடியும் தானியம் அரைத்தது.

பூச்சுப் பூசி, வேலி கட்டி, பெயர்ப்பலகை மாட்டியிருந்தால் செலவு குறைந்திருக்குமே என்று சிலர் கேட்கலாம். ஓட்டினால் பழைய பாகங்கள் தேயும், மாற்ற வேண்டிவரும், பழமை போய்விடும் என்றும் சொல்வார்கள். நான் ஒப்ப மாட்டேன். ஆலை ஓடிய நாளிலும் தேய்ந்த பல்லை மாற்றித்தான் ஓட்டினார்கள். ஓடாத இயந்திரத்தில் குறை வெளியே தெரியாது. அரைக்க வேண்டும் என்று வந்துவிட்டால், தூண் முதல் கல்லின் இடைவெளி வரை எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும். உளுத்த மரத்தை மாற்றிவிடலாம். வேலை தெரிந்த கை மறைந்துபோனால் எதைக் கொண்டு மாற்றுவது?

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1855-இல் செய்த 'ஃபேரி குயின்' நீராவி என்ஜின் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் பல காலம் சும்மா நின்றது. பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்கள் அதைச் சீராக்கினார்கள். 1997-இல் அது மறுபடியும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. இந்த வேலையால் என்ஜினோடு, நீராவி வித்தையும் இன்னொரு தலைமுறையின் கைக்கு வந்தது.

வெளியூரில் இருக்கும் நாம் சொந்த ஊர்த் திருப்பணிக்குப் பணம் அனுப்பத் தவறுவதில்லை. அது நல்லதுதான். ஆனால் கொடுத்ததோடு கடமை தீர்ந்துவிடாது என்பதற்கு பிட்ஸ்டோனின் அந்த 26 ஆண்டுகளே சாட்சி. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஓடாமல் நிற்கும் செக்கையோ தேரையோ பார்த்தால், "இதை ஓட்டத் தெரிந்தவர் யார் இருக்கிறார்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள்.