பிள்ளைகளின் நடைக்கு நடந்த தகப்பன்



டிசம்பர் மாதம் பிறந்தால் மேஜர் ஜெனரல் இயன் கார்டோசோவின் கதை கைப்பேசிகளில் வலம்வரத் தொடங்கிவிடும். நீங்களும் வாசித்திருப்பீர்கள். 1971-ஆம் ஆண்டுப் போரில், சில்ஹட் முனையில், கண்ணிவெடியை மிதித்து அவருடைய ஒரு கால் சிதைந்துபோயிற்று. வலிமருந்தும் இல்லை, அறுவை செய்யக் கருவியும் இல்லை. காலை வெட்டிவிடும்படி உதவியாளரிடம் கேட்டார். அந்த மனிதருக்குத் துணிவு வரவில்லை. தம்முடைய குக்ரியை வாங்கித் தாமே வெட்டி, அதைப் புதைத்துவிடும்படி சொன்னார். அத்துடன் கதை முடிந்துவிடும். அதன் கீழே தேசியக் கொடியும் வணக்கம் வைக்கும் கைகளும் வரிசையாக நிற்கும்.

அந்த வீரத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் இவ்விதமாக நினைவுகூருவது போதாது என்றே கருதுகிறேன். ஒரு மனிதனுடைய வாழ்விலிருந்து சில நிமிடங்களை மாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டு, மீதி ஐம்பது ஆண்டுகளை நாம் வெளியே தள்ளிவிடுகிறோம். அவர் ஒரு பெண்ணுக்குக் கணவர். மூன்று ஆண்மக்களுக்குத் தகப்பன். வெட்டியது ஒருமுறை. செயற்கைக் காலைக் கட்டிக்கொண்டு எழுந்தது ஒவ்வொரு நாள் காலையும்.

கதையில் விடுபட்டுப்போகும் சிலவற்றைச் சொல்லுகிறேன். போர் மூண்டபோது அவர் நம் நீலகிரியில், வெலிங்டனிலுள்ள பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தார். ஐந்தாம் கூர்க்கா ரைபிள்ஸின் நான்காம் பட்டாலியனில் இரண்டாம் நிலை அதிகாரி போரில் மாண்டார். அவ்விடத்தை நிரப்ப இவர் அழைக்கப்பட்டார். காலிழந்த பிறகு அவருக்கு அறுவை செய்தவர், சிறைப்பட்டிருந்த பாகிஸ்தான் இராணுவ மருத்துவர் மேஜர் முகமது பஷீர். முதலில் இவர் அதற்கு இணங்கவில்லை, பிற்பாடே ஒத்துக்கொண்டார். எதிரியின் கைதான் அவரைப் பிழைக்கவைத்தது. வீரத்தைப் பேசுகிற பலர் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுவது ஏனென்று உங்களுக்கே விளங்கும்.

பிறகு நடந்தது நீண்ட போராட்டம். ஒற்றைக்காலன் பட்டாலியனை நடத்தக்கூடுமா என்று மேலிடம் ஐயுற்றது. உடற்தகுதிச் சோதனையில் இரு கால்களுள்ள அதிகாரிகள் எழுவரை அவர் பின்தள்ளினார். கடைசியில் அவருக்குப் பொறுப்பைத் தர இசைந்தவர் தளபதி டி. என். ரெய்னா. அவரும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு கண்ணை இழந்தவர்! போரில் ஊனமுற்று, பின்பு காலாட்படைப் பட்டாலியனையும், அதற்கப்பால் ஒரு பிரிகேடையும் நடத்திய முதல் இந்திய அதிகாரி என்று கார்டோசோவைக் குறிப்பிடுகிறார்கள். ஓய்வுக்குப்பின், 2005 முதல் 2011 வரை இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் தலைவராக இருந்து மாற்றுத்திறனாளிகளுக்காக உழைத்தார்.

இவ்வளவையும் வாசிக்கையில் எனக்கு ஆதியாகமத்தின் 32, 33-ஆம் அதிகாரங்கள் நினைவுக்கு வருகின்றன. யாப்போக்கு ஆற்றின் துறையில் இராமுழுதும் போராடிய யாக்கோபு, தொடைச்சந்து சுளுக்கி, பெனியேலிலிருந்து நொண்டிக்கொண்டே வருகிறான். அந்தப் போராட்டத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம், நானும் செய்திருக்கிறேன். அடுத்த அதிகாரத்தைச் சற்று நிதானமாக வாசியுங்கள். கூடவே பயணப்படலாம் என்று ஏசா அழைக்கிறான். யாக்கோபு மறுக்கிறான். பிள்ளைகள் இளையவர்கள், மந்தையில் பால்கொடுக்கும் ஆடுமாடுகள் உண்டு, அவற்றின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் தக்கபடி நான் மெதுவாய் வருகிறேன் என்கிறான். நானூறு பேருடன் விரைகிற அண்ணன் ஒருபுறம். நொண்டிக்கொண்டு பிள்ளைகளோடு நடக்கிற தகப்பன் மறுபுறம். ஊனம் அவனைத் தகப்பனாயிருக்கத் தடுக்கவில்லை. யாக்கோபு குறையற்ற தகப்பன் என்று நான் வாதிடவில்லை. யோசேப்புக்கு அவன் தைத்துக் கொடுத்த அங்கியால் வீட்டில் மூண்ட நெருப்பு நமக்குத் தெரிந்ததே. ஆனாலும் அந்தப் பயணத்தில் அவன் நடந்த நடை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

நம் வானூர், மரக்காணம் பக்கத்துக்கு வருவோம். உப்பளத்தில் உடலே முதல். பாத்திகளுக்கு நடுவே குறுகிய வரப்பில், உப்புநீரில், வெயில் கொளுத்தக் கொளுத்த நடக்கவேண்டும். இரு கால் இருந்தும் சறுக்குகிற இடம் அது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து படைக்குப் போய், காலையோ கையையோ கொடுத்துவிட்டுத் திரும்பும் ஒருவருக்குப் பழைய வேலை காத்திருப்பதில்லை. உடற்குறையினால் படையிலிருந்து விடுவிக்கப்பட்டவருக்கு ஓய்வூதியம் உண்டு. பணிக்காலத்துக்கு ஒரு பகுதி, ஊனத்துக்கு ஒரு பகுதி. ஊனத்தை விழுக்காட்டில் அளந்து 50, 75, 100 என்று முழுமையாக்கிக் கணக்கிடுகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. அது அவருக்குரிய உரிமை, அதைக் கேட்டுப் பெற நாம் துணைநிற்க வேண்டும். ஆனால், பிள்ளையின் தலையை வாரிவிட்டு, வீட்டுப்பாடத்தை உட்கார்ந்து பார்த்து, சம்பாதிக்கப் போகும் மனைவிக்குப் பதிலாக உலைவைத்து இறக்கும் தகப்பனை அளக்க அந்தப் பட்டியலில் ஒரு கட்டமும் இல்லை. ஆண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். சபைக்குள்ளும் அப்படிப் பேசுவோர் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சபை என்று சொன்னேனே, அங்கே நாம் செய்வதென்ன? சுதந்திர நாளில் முன்னாள் வீரரைக் கொடியேற்ற அழைக்கிறோம், சால்வை போர்த்துகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த ஞாயிறு அவர் பந்திக்கு வரும்போது, முன்னால் மூன்று படிகள். ஏறினால் முழங்காற்படியிட வேண்டும். செயற்கைக் கால் அதற்கு மடங்காது. ஆகையால் சிலர் பின்வரிசையிலேயே இருந்துவிடுகிறார்கள். ஒரு சாய்தளமும் ஒரு நாற்காலியும் பெரிய செலவல்ல. சால்வைக்கு ஆகும் பணத்தை முதலில் அதற்கு ஒதுக்குங்கள் என்று என் உடன் ஊழியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்திய இராணுவம் 2018-ஆம் ஆண்டைப் பணியில் ஊனமுற்ற வீரர்களின் ஆண்டாக அனுசரித்தது. அந்த ஆண்டு போயிற்று, அவர்கள் இருக்கிறார்கள். டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். கார்டோசோவின் பட்டாலியன் ஹெலிகாப்டர்களில் சில்ஹட்டில் இறங்கத் தொடங்கியதும் 1971-இல் அதே தேதியில்தான். அன்றைக்கு உண்டியலில் பணம் போடுங்கள், தவறில்லை. கூடவே, உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அல்லது இருந்து மறைந்திருந்தால், அவருடைய பிள்ளைகளிடம் போய்ப் பேசுங்கள். போரைப் பற்றிக் கேட்காதீர்கள். காய்ச்சல் கண்ட இரவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார், பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் போட வந்தது யார், அப்பா சமைத்ததில் எது ருசியாயிருந்தது என்று கேளுங்கள். கேட்டதை எழுதி எனக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாமென்றால், பெயரின்றியே அடுத்த வாரங்களில் இங்கே வெளியிடுகிறேன்.