கேட்டல் போதுமா?

இசை கேட்க இறுவட்டு இயக்கி வாங்குவதா, கணினிக்கு ஒலி அட்டை வாங்குவதா என வினவினால், முன்னையதே சிறந்தது என்பர் பலர். கணினியினுள் எழும் மின்னிரைச்சல் ஒலியை மாசுபடுத்தும் என்பது அவர்தம் வாதம். இதில் உண்மை உண்டு. ஆயின் கணினிக்கு வெளியே அமையும் ஒலி அட்டை அக்குறையைப் பெரிதும் நீக்கிவிடும்.

இதனினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. இறுவட்டு இயக்கி, பிறர் பதித்துத் தந்ததை ஒலிக்க மட்டுமே வல்லது. ஒலி உள்வாங்கும் வாயிலுடைய அட்டையோ, பழைய ஒலிநாடாவின் ஓசையை எண்களாக்கிச் சேமிக்கும். இறுவட்டின் அளவாகிய செக்கனுக்கு 44,100 மாதிரிகள், 16 பிற் நுணுக்கம் என்பன அதற்கும் இயல்வனவே.

1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பை நாம் இன்று கேட்பது, அன்று பதிவு செய்தோர் இருந்தமையாலன்றோ? கோயில் மேளக்கச்சேரியும் நாட்டுக்கூத்தும் அடங்கிய நாடாக்கள் குடாநாட்டு வீடுகளிற் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகி வருகின்றன. அவற்றை இறுவட்டாக்கி விற்க எந்த வணிகர் வரப்போகிறார்? 1981இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டபோது, படியெடுக்கப்படாத ஏடுகள் மீளாதொழிந்தன. அப்பாடம் நமக்குப் போதாதா?

தான் கேட்டு மகிழ்வது மட்டுமே நோக்கமாயின் இறுவட்டு இயக்கி போதும். தமிழ்ச் சங்கத்தார்க்கு அஃது அமையாது. மாணவரே, ஒலி அட்டையை வாங்குங்கள். வரும் விடுமுறையிலேயே உங்கள் வீட்டு நாடாக்களைப் பதியத் தொடங்குங்கள்.