ஸ்கேனர் காட்டும் எண்

வண்டியின் பழுதைப் படிக்கும் ஸ்கேனரில் பி0401 என்று வந்தால் போதும், புகையை எஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். அமைப்பின் சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதை மாட்டுவது பல பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது. அந்த எண் சொல்வதோ, எஞ்சினுக்குத் திரும்பும் புகையின் ஓட்டம் போதவில்லை என்பதை மட்டுமே. டீசல் வண்டியில் ஈ.ஜி.ஆர். வால்வின் வாயிலும் குழாயிலும் கரி தார்போல அப்பி, விரல் நுழைந்த வழியில் பென்சில்கூட நுழையாது. அதை உள்ளபடி சொன்ன சென்சாருக்குத்தான் தண்டனை! பழைய ஃபோர்டு பெட்ரோல் வண்டிகளில் சென்சாரே அடிக்கடி பழுதாகுமே என்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கும் அதன் ரப்பர் குழாய்கள் விரிசல் விட்டிருந்தால் இதே எண் வரலாம். சென்சாரின் மின்சுற்றுக் கோளாறுக்கு பி0405, பி0406 என்று தனி எண்களே உண்டு. அவை வந்தாலும் முதலில் மல்ட்டிமீட்டரை வைத்து 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கும் மெக்கானிக்கிடம், கழற்றிய சென்சாரில் என்ன பழுது என்று காட்டச் சொல்லிவிட்டுப் பில்லைக் கட்டுங்கள்.