யார் ஆள்வது? யார் தீர்ப்பது?

பகை நாட்டில் நமக்கு வேண்டியவர் ஆட்சியில் அமர்ந்தால்தான் நம் எல்லைக்குப் பத்திரம், அதற்கு ஆனதைச் செய்வதே ராஜதந்திரம் என்று சில மேதைகள் உபதேசிக்கிறார்கள். அக்கம்பக்கத்து அரசியலை எந்த சர்க்காரும் கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் கவனிப்பது வேறு, கைவைப்பது வேறு. யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்று அந்நியன் தீர்மானிக்கப் புறப்பட்டால், “தேச நலன்” என்ற திரைக்குப் பின்னால் நிற்பது யார் நலன் என்று நாம் கேட்டே தீரவேண்டும்.

ஈரானைப் பாருங்கள். 1951-ல் அந்நாடு தன் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. அதை நிறைவேற்றிய பிரதமர் மொசாதிக்கை 1953 ஆகஸ்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு ஸ்தாபனங்கள் சதிசெய்து கவிழ்த்தன. கம்யூனிஸ்ட் அபாயத்தைத் தடுத்தோம் என்றார்கள். மறு ஆண்டே எண்ணெயைப் பங்கு போட்டார்கள்: பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 சதம், அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40 சதம். தடுத்தது அபாயத்தையா, பறித்தது எண்ணெயையா?

அவர்கள் தாங்கிப்பிடித்த ஷாவை 1979-ல் ஈரான் மக்கள் விரட்டினார்கள். நண்பனை நட்டவர்கள் அறுத்தது பகையைத்தான். 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரான்மீது குண்டு வீசின. அங்கே “ஆட்சி மாற்றம்” என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. அப்போது ஈரான் கரையில் தவித்தவர்களில் நம் குமரி மாவட்டத்து மீன்பிடித் தொழிலாளரும் உண்டு. வாஷிங்டனின் கணக்குக்கு வட்டி கட்டுகிறவன் நம் கடற்கரைக்காரன்!

இதெல்லாம் தூரதேசத்துக் கதை என்று யாரும் எண்ணவேண்டாம். அடுத்த வீடான கேரளத்தில் 1957 ஏப்ரலில் மக்கள் வாக்களித்து அமைந்த கம்யூனிஸ்ட் மந்திரிசபை, குடியானவரை நிலத்தைவிட்டு வெளியேற்றுவதைத் தடுத்தது; நிலச் சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியது. 1959 ஜூலை 31-ல் டில்லி அதைக் கலைத்தது. இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் 1978-ல் வெளியிட்ட நூலில், கேரளத்தில் ஒரு முறையும் மேற்கு வங்கத்தில் ஒரு முறையும், கம்யூனிஸ்டுகள் வெல்லாதிருக்கக் காங்கிரசுக்குத் தம் நாடு பணம் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். கலைப்புக்குப் பின், 1960-ல் முதல்மந்திரி நாற்காலியில் அமர்ந்தவர் யார்? பட்டம் தாணுப்பிள்ளை! 1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் தமிழ் மக்களைச் சுட்ட போலீஸ், அவர் சர்க்காரின் போலீஸ்தான். புதுக்கடைக்காரர்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

பிறர் செய்தால் சதி, நாம் செய்தால் ராஜதந்திரம் என்ற இரட்டை நாக்கும் நமக்கு வேண்டாம். 2015-ல் இலங்கையில் ராஜபக்சே தோற்றார். தம்மைத் தோற்கடித்ததில் இந்திய உளவுத்துறைக்குப் பங்குண்டு என்று அவர் குற்றஞ்சாட்டினார், டில்லி மறுத்தது. அது கிடக்கட்டும். சீனாவின் நண்பர் ஒழிந்தார் என்று இங்கே துள்ளியவர்கள் கண்டதென்ன? அவருக்குப் பின் வந்த சர்க்கார்தான் 2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. கடலில் நம் மீனவர்களைப் பிடிப்பது ராஜபக்சே காலத்தில் நடந்தது. சிறிசேனா காலத்தில் நடந்தது. 2024-ல் அனுர குமார திசநாயக்க வந்த பின்னும் நடந்தது. ஆள் மாறினான், வலை அறுபடுவது மாறவில்லை. ஏன்? கடன் மாறவில்லை, இரு கரை மீனவரின் வறுமை மாறவில்லை. இவற்றைப் பேச்சுவார்த்தையால் தீர்க்கவேண்டுமேயன்றி, நாற்காலியில் உட்காருகிறவனை மாற்றித் தீர்க்க முடியாது.

எந்த ஆட்சியின்கீழ் வாழ்வது என்று நாங்களே சொல்வோம் என்றதற்காகத்தான் 1954-ல் இந்த மண்ணில் ரத்தம் சிந்தியது. அந்த உரிமை நமக்கு உண்டென்றால் ஈரானியனுக்கும் உண்டு, இலங்கை உழைப்பாளிக்கும் உண்டு. கொழும்பில் யார் வென்றாலும் டில்லி அவரோடு மேசையில் உட்காரட்டும். சிறைப்பட்ட மீனவரையும் படகையும் மீட்கட்டும். அதுவே தேச நலன். மற்றதெல்லாம் கம்பெனி நலன்!