போனை வாங்கி வைத்துவிட்டு ஒரு சிரட்டையைக் கொடுங்கள்

கொஞ்சம் காரமாகத்தான் எழுதுகிறோம், கோபிக்க வேண்டாம்.

ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு தீத்தவும் போன் வேண்டுமாம். பழக்கியது யார்? நாம்தான். இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது.

“விளையாட்டுச் சாமான் விற்கிற விலைக்கு என்ன செய்ய?” என்கிற உம்மாமாரே, குசினிக்குள் பாருங்கள். பேசினில் நாலு விரல் தண்ணீர், இரண்டு சிரட்டை, ஒரு கரண்டி. அள்ளி அள்ளி ஊற்றியே நேரம் போய்விடும். (பக்கத்திலேயே இருங்கள், அந்தத் தண்ணீரும் ஆபத்துத்தான்.) ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஒரு உருண்டையைக் கையில் கொடுங்கள். அதைப் பிசைகிற விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கும். தண்ணீர்ப் போத்தல் மூடியைத் திறக்க முடியாமல் எங்களிடம் நீட்டுகிற தரம் 1 பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறோம்.

வாப்பாமாரே, உங்களையும் விடமாட்டோம். ஸுஜூதில் பேரப்பிள்ளை முதுகில் ஏறியபோது நபி (ஸல்) அவர்கள் அவசரப்படுத்தாமல் ஸுஜூதை நீட்டினார்கள். நீங்களோ இஷா முடிந்ததும் போனோடு சாய்ந்துவிடுகிறீர்கள். இன்றிரவு முதுகைக் கொடுங்கள், பிள்ளை யானை ஓட்டட்டும். ஐந்து சதம் செலவில்லை.