நாய்க்கு என்ன கூலி கொடுக்கலாம்?

நாயைப் பழக்கும்போது தீனி கொடுத்தால், "லஞ்சம் கொடுத்துக் கெடுக்காதே" என்று சொல்ல நம்ம பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை. திண்டிவனமோ விழுப்புரமோ, கையில் குச்சி இருந்தால்தான் நாய் பேச்சு கேட்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வேலைக்கு முன்னால் காட்டி ஆசை மூட்டினால் அது லஞ்சம். வேலை முடிந்ததும் கொடுத்தால் கூலி. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, எது நல்ல கூலி? அதை முடிவு செய்வது நாய்தான், நாம் இல்லை. "சமத்து" என்று வாயால் சொன்னால் போதும் என்று நினைக்கிறோம். 2014-ல் அமெரிக்காவில் ஃபாயர்பேக்கர், வின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். தடவிக் கொடுத்தவரிடம் நாய்கள் ஒட்டிக்கொண்டன. வெறும் பாராட்டை அவை சட்டையே செய்யவில்லை. 2017-ல் கொல்கத்தா ஐசர் ஆய்வாளர்கள் தெருநாய்களிடம் பார்த்தபோதும், நாள்பட்ட பழக்கத்தில் தீனி போட்டவரைவிடத் தடவிக் கொடுத்தவரிடமே அவை அதிகம் நெருங்கின.

அதற்காகத் தீனி வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்கத் தீனிதான் வசதி. ஆனால் வேலைக்குத் தகுந்த கூலி வேண்டும். உட்காருவதற்கு ஒரு பிஸ்கட் துண்டு போதும். கூப்பிட்டதும் திரும்பி வருவது அப்படி இல்லை. அதுவும் சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய், ஓடுகிற எதையும் துரத்தும். அதைத் திருப்ப வேகவைத்த கோழி ஈரலாவது வேண்டும். ஈரலுக்கும் மசியாத நாய்க்கு, ஒரு பந்தை வீசி ஓடவிடுவதே பெரிய கூலி.

இது விளையாட்டு விஷயம் இல்லை. இரண்டு ஊர் வழியாகவும் சென்னை - திருச்சி நெடுஞ்சாலை போகிறது. கூப்பிட்டால் வராத நாய்க்கு அங்கே என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. லேட்டாக வந்ததற்காக அடித்தால், "கிட்டே போனால் அடி விழும்" என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். அடுத்த தடவை வரவே வராது.

கூலி கடலைப்பருப்பு அளவு இருந்தால் போதும். ஆனால் வேலை முடிந்த ஓரிரு நொடிக்குள் கொடுத்துவிட வேண்டும். நன்றாகப் பழகிய பிறகு ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டாம், அவ்வப்போது போதும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் சேர்ந்த எதுவும், வெந்த கோழி எலும்பு, இவை கூடவே கூடாது.

குச்சிக்குப் பயந்த நாய், குச்சி இருக்கும்வரைதான் கேட்கும். நெடுஞ்சாலையில் அது நம் கைக்கு எட்டாது, நம் குரல்தான் எட்டும்.