பிளாக்வுட் பையன்களின் நாற்பது ஆண்டுகள்

முதல் ஆல்பம் 1 கோடியே 60 லட்சம் பிரதிகள் விற்கும், விற்ற கையோடு குழுவைக் கலைத்துவிடுவோம். 1992-இல் ‘ஜெனரேஷன் டெரரிஸ்ட்ஸ்’ வெளிவருவதற்கு முன்பு, தெற்கு வேல்ஸின் சுரங்கப் பகுதியிலிருந்து லண்டனுக்கு வந்த நான்கு இளைஞர்கள் இசைப் பத்திரிகைக்காரர்களிடம் இப்படித்தான் சொன்னார்கள். அத்தனை பிரதிகள் விற்கவில்லை. குழுவும் கலையவில்லை. ‘மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ்’ என்ற அந்தக் குழுவின் பதினைந்தாவது ஆல்பம் 2025-இல் வந்தது. இடையில் நால்வர் மூவரானார்கள்.

பங்க் இசையின் வரலாற்றில் இது அபூர்வம். 1976-இல் லண்டனில் வெடித்த அந்த இசைக்கு வேகமும் கோபமும்தான் மூலதனம். கிட்டாரில் மூன்று கார்டு வாசிக்கத் தெரிந்தால் மேடை ஏறலாம். அதனாலேயே அந்தக் குழுக்களுக்கு ஆயுள் குறைவாக இருந்தது. செக்ஸ் பிஸ்டல்ஸ் ஒரே ஒரு ஸ்டூடியோ ஆல்பத்தோடு 1978 ஜனவரியில் சிதறியது. தி கிளாஷ் 1986-இல் முடிந்தது. அதே 1986-இல்தான், பங்க் பிறந்து பத்தாண்டு ஆனதையொட்டித் தொலைக்காட்சியில் காட்டிய பழைய கிளாஷ் காட்சிகளைப் பார்த்துவிட்டு, பிளாக்வுட் என்ற சிற்றூரில் சில பள்ளிப் பையன்கள் கிட்டாரைக் கையில் எடுத்தார்கள்.

இவர்கள் மட்டும் எப்படி நிலைத்தார்கள்? வறுமை கோபத்தைத் தந்தது, கோபம் பாட்டைத் தந்தது என்று இதற்கு ஒரு சுலபமான பதில் உண்டு. கலைஞர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் மேனிக்ஸ் விஷயத்தில் இது பொருந்தாது. வறுமையும் கோபமும் பிரிட்டனின் எல்லாத் தொழில் நகரங்களிலும் இருந்தன. பிளாக்வுட்டைச் சுற்றி வேறொன்றும் இருந்தது. தொழிலாளர்கள் தங்கள் கூலியில் கட்டி எழுப்பிய படிப்பு அது.

பிளாக்வுட் இருப்பது சிர்ஹோவி பள்ளத்தாக்கில். அதே பள்ளத்தாக்கின் தலைமாட்டில் ட்ரெடிகர், பக்கத்திலேயே ஓக்டேல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஊருக்கு ஊர் ‘இன்ஸ்டிட்யூட்’ கட்டினார்கள். படிப்பறை, நூலகம், கூட்ட அரங்கு, பில்லியர்ட்ஸ் மேசை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்த தொழிலாளர் மன்றங்கள் அவை. வாரக் கூலியில் சில பென்னிகளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கினார்கள். 1930-களில் அந்த நிலக்கரிப் பகுதியில் இப்படிப்பட்ட நூலகங்கள் நூற்றுக்கும் மேல் இருந்தன. என்ன புத்தகம் வாங்குவது என்பதைத் தொழிலாளர்களின் குழுவே தீர்மானித்தது. அரசோ தேவாலயமோ கொடையாளியோ கொடுத்த படிப்பல்ல இது.

அதன் பலன் என்ன என்று கேட்டால் ஒரு பெயரைச் சொன்னால் போதும். ட்ரெடிகரில் 1897-இல் பிறந்து, பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிய அனைரின் பெவன், பள்ளியில் கிடைக்காத கல்வியைத் தன் ஊர்த் தொழிலாளர் நூலகத்தில் தேடிக்கொண்டார். அதே ஊரில் தொழிலாளர்கள் சந்தா கட்டி நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தையும் பார்த்து வளர்ந்தார். பிற்பாடு சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5 அன்று பிரிட்டன் மக்கள் அனைவருக்குமான இலவச மருத்துவ சேவையைத் தொடங்கிவைத்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1998-இல், அதே பள்ளத்தாக்கைச் சேர்ந்த இசைக்குழு தன் ஐந்தாவது ஆல்பத்துக்கு வைத்த தலைப்பு ‘திஸ் இஸ் மை ட்ரூத் டெல் மீ யுவர்ஸ்’. பெவன் மேடைகளில் பயன்படுத்திய வாசகம் அது. பிரிட்டனில் அந்த ஆல்பம் முதலிடம் பிடித்தது.

பாடகரும் கிட்டார் கலைஞருமான ஜேம்ஸ் டீன் பிராட்ஃபீல்டும் டிரம்ஸ் வாசிக்கும் ஷான் மூரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். பிராட்ஃபீல்டின் தந்தை தச்சர். பேஸ் கிட்டார் வாசிக்கும் நிக்கி வயரின் தந்தை சுரங்கத்திலும் பிறகு கட்டட வேலையிலும் உழைத்தவர். நான்காமவர் ரிச்சி எட்வர்ட்ஸின் பெற்றோர் ஊரில் முடிதிருத்தகம் நடத்தினார்கள். நால்வரும் ஓக்டேல் பள்ளி மாணவர்கள். 1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நீடித்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அவர்களுடைய பதின்பருவத்தில் கண்ணெதிரே நடந்தது. தாட்சர் அரசு வென்றது. ஓக்டேல் சுரங்கம் 1989-இல் மூடப்பட்டது.

சுரங்கங்களோடு நூலகங்களும் போயின. பல ஊர்களில் புத்தகங்களைப் பழைய புத்தக வியாபாரிகளிடம் மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். மிஞ்சியதைக் காப்பாற்றத்தான் 1973-இல் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகம் அமைக்கப்பட்டது. வயரும் எட்வர்ட்ஸும் பட்டம் படித்தது அந்தப் பல்கலைக்கழகத்தில்தான், அரசியலும் அரசியல் வரலாறும்.

அதன்பின் நடந்த வேலைப் பங்கீடு ராக் இசையில் அதிகம் காணக் கிடைக்காதது. வயரும் எட்வர்ட்ஸும் வரிகளை எழுதுவார்கள், பிராட்ஃபீல்டும் மூரும் அவற்றுக்கு இசையமைப்பார்கள். எட்வர்ட்ஸுக்குக் கிட்டார் சரியாக வாசிக்கவே வராது. அதை அவர் மறைத்ததும் இல்லை. 1988-இல் சொந்தக் காசில் சில நூறு பிரதிகள் அச்சிட்ட முதல் சிங்கிளின் அட்டை, கிளாஷ் குழுவின் முதல் ஆல்பத்துக்குச் செலுத்திய மரியாதை. நான்கு ஆண்டுகளில் வந்த முதல் ஆல்பத்தின் உறையிலோ ஒவ்வொரு பாட்டின் பக்கத்திலும் ஒரு மேற்கோள். எழுத்தாளர்கள், கவிஞர்கள், சிந்தனையாளர்கள் அங்கே வரிசைகட்டினார்கள். தொழிலாளி வீட்டுப் பையன் படித்ததைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற எழுதாத விதியை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. ரக்பியும் பியரும் ஆண்மையின் அடையாளமாக இருந்த பள்ளத்தாக்கில் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, பெண்கள் அணியும் சட்டையில் முழக்கங்களை எழுதி அணிந்து தெருவில் நடந்தார்கள். அதற்கு வேண்டிய துணிச்சலை லண்டன் விமர்சகர்கள் கடைசிவரை சரியாக எடைபோடவில்லை.

போலிகள் என்றுதான் பலர் அவர்களைச் சொன்னார்கள். 1991 மே 15 அன்று நாரிச் நகரில் ஒரு பத்திரிகையாளர் அந்தச் சந்தேகத்தை நேரடியாகக் கேட்க, எட்வர்ட்ஸ் அவர் முன்னாலேயே தன்னைக் காயப்படுத்திக்கொண்டார். படம் பிரசுரமானது, குழு புகழ்பெற்றது, சில நாளில் சோனி நிறுவனத்தின் ஒப்பந்தமும் வந்தது. உதவி தேவைப்பட்ட ஓர் இளைஞனின் வேதனையைப் பத்திரிகைகள் காட்சிப்பொருளாக்கின. அந்தப் படத்தை இன்றும் வீரச் செயலாகக் கொண்டாடுகிறவர்கள் அதற்குப் பிறகு நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1994-இல் மூன்றாவது ஆல்பம் ‘தி ஹோலி பைபிள்’. பார்படோஸ் தீவுக்குப் போய்ப் பதிவு செய்யலாம் என்றது சோனி. அவர்கள் மறுத்துவிட்டு கார்டிஃபில் ஒரு சிறிய, மலிவான ஸ்டூடியோவுக்குள் போனார்கள். யூதப் படுகொலை, மரண தண்டனை, உணவை மறுக்கும் நோய் எனப் பொழுதுபோக்கு இசை தொடாத இடங்களையெல்லாம் தொட்ட ஆல்பம் அது. வரிகளில் பெரும்பகுதி எட்வர்ட்ஸ் எழுதியவை. அவருடைய உடல்நிலை அந்த ஆண்டு மிகவும் மோசமானது. 1995 பிப்ரவரி 1 அன்று லண்டன் ஓட்டல் அறையிலிருந்து வெளியேறியவர் திரும்பவில்லை. செவர்ன் பாலத்தருகே அவருடைய கார் கிடைத்தது. 2008 நவம்பரில் சட்டப்படி அவர் இறந்ததாகக் கருதப்படலாம் என அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளிலெல்லாம் ராயல்டியில் அவருடைய கால் பங்கை மற்ற மூவரும் தனியாக எடுத்து வைத்தார்கள். எட்வர்ட்ஸ் விட்டுச்சென்ற வரிகளைக் கொண்டு 2009-இல் முழு ஆல்பம் ஒன்றையும் உருவாக்கினார்கள்.

நண்பனை இழந்த குழு கலைந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எட்வர்ட்ஸ் குடும்பத்தின் சம்மதத்தோடு அவர்கள் தொடர்ந்தார்கள். 1996 ஏப்ரலில் ‘எ டிசைன் ஃபார் லைஃப்’ வந்தது.

இந்தப் பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நியூபோர்ட் நகரின் பழைய பில்க்வென்லி நூலக வாசலுக்கு மேல் ‘அறிவே ஆற்றல்’ என்று கல்லில் பொறித்த வாசகம் இருந்தது. பாட்டின் தொடக்கம் அதிலிருந்து பிறந்தது. உழைக்கும் மக்களுக்கு வலிமையைத் தந்தவை நூலகங்கள் என்று தொடங்கி, அவர்களுக்குக் குடியைத் தவிர வேறு ஆசை கிடையாது என்று நினைக்கிற மேல்தட்டுப் பார்வையை அந்தப் பாட்டு திருப்பி அடிக்கிறது. பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. மதுக்கூடங்களில் கோப்பையை உயர்த்திக்கொண்டு இதன் பல்லவியைக் குடிப்பாட்டாகப் பாடியவர்களும் உண்டு. அதனால் பாட்டு தோற்றுவிட்டது என்று சிலர் எழுதினார்கள். தவறு. நூலகத்தைப் பற்றிய வரியோடு தொடங்கும் ஒரு பாட்டை ஒரு நாடே மனப்பாடமாகப் பாடுகிறது என்றால், அது பெரிய வெற்றி.

1998-இல் அவர்களுக்கு முதன்முதலாக முதலிடம் தந்த சிங்கிள் ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பற்றியது. பாசிசத்தை எதிர்க்க வேல்ஸிலிருந்து ஸ்பெயினுக்குப் போன தொண்டர்களில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர்கள். 2009-இல், பாட்டின் பொருள் புரியாமலோ புரிந்தேயோ, தீவிர வலதுசாரியான பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி அதைத் தன் இணையதளத்தில் பயன்படுத்தியது. சோனி தலையிட்டு நீக்க வைத்தது. 2000 ஜனவரியில் முதலிடம் பிடித்த இன்னொரு சிங்கிள் நோம் சாம்ஸ்கியின் குரலோடு தொடங்கி அல்பேர் காம்யுவின் மேற்கோளோடு முடிகிறது. அதற்குச் சில நாள் முன்பு, 1999-இன் கடைசி இரவில், கார்டிஃப் மில்லேனியம் ஸ்டேடியத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவர்களைக் கேட்கக் கூடியிருந்தார்கள்.

பால் ரோப்சனைப் பற்றிய பாட்டும் குறிப்பிட வேண்டியது. கறுப்பினப் பாடகரான ரோப்சனின் பாஸ்போர்ட்டை 1950-இல் அமெரிக்க அரசு பறித்தது. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களோடு அவருக்கு நெடுநாள் நட்பு. நேரில் வர முடியாததால், 1957-இல் போர்த்காலில் நடந்த தொழிலாளர் விழாவுக்கு அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக நியூயார்க்கிலிருந்தே பாடினார். அங்கே கூடியிருந்தவர்கள் பதிலுக்குப் பாடினார்கள். இந்த நினைவைப் பள்ளிப் பாடப்புத்தகத்தை விட அதிகமாகப் பரப்பியது 2001-இல் வந்த மேனிக்ஸ் பாட்டுதான்.

அதே 2001 பிப்ரவரியில் ஹவானாவின் கார்ல் மார்க்ஸ் அரங்கில் பிடல் காஸ்ட்ரோ முன்னிலையில் அவர்கள் வாசித்தார்கள். அமெரிக்கப் பொருளாதாரத் தடைக்கு எதிரான நிலைப்பாடு நியாயமானது. ஆனால் கியூபச் சிறைகளில் இருந்த எழுத்தாளர்களைப் பற்றியும் அங்கே ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். ரோப்சனின் பாஸ்போர்ட்டுக்காக வருந்தத் தெரிந்த குழுவிடம் அதை எதிர்பார்ப்பது அதிகமில்லை.

பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டவர்கள் எப்படி பங்க் ஆவார்கள் என்ற கேள்வியும் விடாமல் வருகிறது. சில நூறு பிரதிகள் அச்சிட்டுத் தங்களுக்குள்ளேயே சுற்றுக்கு விட்ட குழுக்களின் நேர்மை மதிக்கத்தக்கது. ஆனால் கையில் காசில்லாத பிள்ளைக்குப் பாட்டு போய்ச்சேர்ந்தது வானொலி வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும்தான். பெவனையும் ரோப்சனையும் அந்த வழியாக வீட்டுக்குள் கொண்டுபோனதே மேனிக்ஸ் செய்த பங்க் வேலை. 2009 ஜூனில் கார்டிஃபின் புதிய மத்திய நூலகத்தைத் திறந்துவைக்க இந்த மூவரும் அழைக்கப்பட்டார்கள். அங்குள்ள நினைவுப் பலகையில் பொறிக்கப்பட்டிருப்பது ‘எ டிசைன் ஃபார் லைஃப்’ பாட்டின் முதல் வரி. அந்த மரியாதை தங்களுக்குக் கிடைத்த விருதுகளையெல்லாம்விடப் பெரிது என்று அவர்கள் கருதியதில் வியப்பில்லை.

ஓக்டேல் தொழிலாளர் மன்றக் கட்டடத்தை இப்போது ஓக்டேலில் பார்க்க முடியாது. 1917-இல் திறக்கப்பட்ட அதைக் கல் கல்லாகப் பெயர்த்து, கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். அழகாகப் பராமரிக்கிறார்கள். ஆனால் அங்கே போகிறவர் பார்வையாளர், உறுப்பினர் அல்ல. பிளாக்வுட்டில் 1925-இல் எழுந்த மைனர்ஸ் இன்ஸ்டிட்யூட் மட்டும் நாடகமும் இசையும் நடக்கும் அரங்காக இன்னும் அதே ஊரில் நிற்கிறது. அதையும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று பூட்டிவைக்கும் யோசனையை 2024-இல் கேர்ஃபில்லி கவுன்சில் முன்வைத்தது. மறு ஆண்டு தன் எல்லைக்குள் பத்து நூலகங்களை மூடவும் முடிவெடுத்தது. மக்கள் எதிர்த்தார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

கவுன்சிலின் கையில் பணமில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். பள்ளத்தாக்கில் கரி அள்ளியவர்களின் கையிலும் பணமில்லை, பென்னி பென்னியாகச் சேர்த்தே அந்த மன்றங்களைக் கட்டினார்கள். தங்களுடையதல்லாத அந்தச் சொத்தை மூட எந்த நிர்வாகத்துக்கும் தார்மிக உரிமை கிடையாது. மேனிக்ஸ் குழுவின் பெயரைச் சொல்லிச் சுற்றுலா வளர்க்க நினைப்பவர்கள் முதலில் பிளாக்வுட் மன்றத்தையும் அந்தப் பத்து நூலகங்களையும் திறந்து வைத்திருக்கட்டும்.